நெட் இல்லாத கம்ப்யூட்டர்

பாறசாலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய அந்த மனிதரின் மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருக்கும். சந்தேகமான பைல் எதுவானாலும் பென்டிரைவில் எடுத்து, மூலையில் நெட் இல்லாமல் கிடந்த பழைய கம்ப்யூட்டரில்தான் திறப்பார். அதற்கும் முன்னால், அனுப்பியவரைப் போனில் கேட்கச் சொல்வார்.

எனக்குக் குளத்தூர் மாமா பெயரில் கல்யாண அழைப்பிதழ் என்று ஒரு மெயில் வந்தது. பார்க்காவிட்டால் மாமா பிணங்குவாரே என்று சென்டர்காரரிடம் போனேன்.

"வீட்டுக்கு வந்து சொல்லாம மெயில்லயா கல்யாணம் சொல்லுவாவ? மாமாவ விளிச்சுக் கேளு மக்கா."

கேட்டேன். மாமா எதையும் அனுப்பவில்லை.

"எனக்கும் இப்படி ஒண்ணு உண்டு" என்று அவர் தன் மெயிலைக் காட்டினார். மகள் பெயரில் வந்த ஒரு பைல், திறக்காமலே இருந்தது. "அவள அடக்கம் செய்த மறுநாள் வந்ததாக்கும். யார விளிச்சுக் கேக்க?"

"அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல திறக்கலாமே? வைரஸ் இருந்தாலும் ஒண்ணும் ஆவாதுல்லா?"

"வைரஸுக்கு எனக்குப் பேடி, பயம் ஒண்ணும் இல்ல மக்கா. அவளே எழுதினதா இருந்தா?"

பிறகு கடையை மூடியபோது அந்தப் பழைய கம்ப்யூட்டரை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனாராம். திறந்தாரா என்று கேட்க எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.