எப்போதும் எழுபத்திரண்டு

முப்பத்தொரு வருஷம் எட்டு மாடி அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டிய மனுஷனுக்கு, ஓய்வுக்குப்பின் வாய்த்தது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீடு. அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். வாசலிலிருந்து வீட்டுக்கு ஐம்பத்து நாலு படி. மனைவி போனபிறகு அவர் அங்கே தனிக்காட்டு ராஜா.

மகள் விடுவதாக இல்லை. "படியில விழுந்து கிடந்தா யாருப்பா பார்ப்பாங்க? என்கூட வந்துடுங்க" என்பாள். அவள் வீட்டில் அப்பாவுக்கென்று ஒதுக்கிய அறையின் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர், கைக்கெட்டும் தூரத்தில். "வேலை பார்த்த காலமெல்லாம் சன்னல் இல்லாத பெட்டிக்குள்ள உட்கார்ந்தாச்சு. மறுபடியுமா?" என்று அவர் நழுவிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பிசியோதெரபி படிக்கும் பெண் ஒருத்தியைக் கல்லூரி பத்து வாரத்துக்கு அனுப்பிவைத்தது. வயசானவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, அறிக்கை எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குத் தேர்ச்சி. தரைத்தளக் கூடத்தில் பன்னிரண்டு நாற்காலி போட்டாள். உட்கார்ந்து எழுவது, காலை நீட்டுவது, ரப்பர் பட்டையை இழுப்பது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, ஒரு நிமிஷ நாடித்துடிப்பை அவரவரே எண்ணிச் சொல்லவேண்டும். "உங்க உடம்பை நீங்களே கவனிக்கப் பழகணும், அதுக்குத்தான்" என்றாள்.

இரண்டாவது வாரம் பழைய தபால்காரர் உள்ளதைச் சொன்னார். "நூத்திப் பதினெட்டும்மா. நடுவுல ரெண்டு மூணு காணோம், தபால்ல தொலைஞ்ச மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. டாக்டருக்குக் கடிதம் எழுதினாள், தபால்காரர் மகனுக்கும் சொன்னாள். நாலாவது நாள் மகன் வேனோடு வந்தான். கட்டிலும் பெட்டியும் ஏறின, தபால்காரரும் ஏறினார். அடுத்த வகுப்பில் அவர் நாற்காலி காலியாக நின்றது. அதை யாரும் நகர்த்தவில்லை.

"பார்த்தீங்களா? ஒரு நம்பர் சொன்னாரு, ஆளையே காணோம்" என்று முணுமுணுத்தாள் பக்கத்து நாற்காலிக்காரி. ஒரு காலத்தில் டைப்பிஸ்ட். எல்லோருக்கும் டைப்பு அக்கா. "நான் எழுபதைத் தாண்ட மாட்டேம்பா. நீங்க?"

"எனக்கு எழுபத்திரண்டு" என்றார் லிஃப்ட்காரர். அதுதான் நல்ல எண் என்று எப்போதோ லிஃப்ட்டில் ஒரு டாக்டர் சொல்லக் கேட்டிருந்தார்.

அன்றிலிருந்து எல்லோர் துடிப்பும் நல்ல பிள்ளையாகிவிட்டது.

"ஐயா, உங்களுது கடிகாரம் மாதிரி!" என்று பூரித்துப்போனாள் அந்தப் பெண்.

"மெஷின்கூடவே வளர்ந்த உடம்பும்மா."

"ஆமா, எண்ணெய் மட்டும்தான் விடலை" என்றாள் டைப்பு அக்கா.

படிகளிடம்தான் அவர் பொய் பலிக்கவில்லை. ஐந்தாம் வாரம் இரண்டாவது மாடியில் ஒருமுறை நின்றார். ஏழாம் வாரம் ஒவ்வொரு மாடியிலும். யாராவது எதிரே வந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார். எட்டாம் வாரம் இடது கை தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்க மறுத்தது. வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஒன்பதாம் வாரம், வெள்ளிக்கிழமை காலை. வகுப்பு முடிந்து நாற்பத்தைந்தாம் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கையில் போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"ஐயா, கீழ கூடத்துல அறிக்கை எழுதிட்டிருக்கேன். நாடிக் கணக்கைக் கோடு போட்டுப் பார்த்தேன். மத்தவங்க கோடு கொஞ்சமாவது மேல கீழ போகுது. உங்களுது ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி இருக்கு. பயிற்சிக்கு முன்னாடியும் எழுபத்திரண்டு, பின்னாடியும் எழுபத்திரண்டு. உயிரோட இருக்கறவங்களுக்கு அப்படி வராதுய்யா."

அவர் கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"இப்ப எண்ணிச் சொல்லுங்க. நான் நேரம் பார்க்கறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுப் படியில் வைத்துவிட்டு மணிக்கட்டில் விரலை வைத்தார். இத்தனை வாரத்தில் அன்றுதான் நிஜமாக எண்ணினார். நாலைந்து துடிப்பு முட்டி மோதிக்கொண்டு ஓடின. பிறகு ஒன்றுமில்லை. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றதும் ஒரு அமைதி வருமே, அது. திரும்பவும் ஒரு ஓட்டம். திரும்பவும் அது.

மேலே ஒன்பதே படி. அவர் கதவு. உள்ளே வானம் தெரியும் சன்னல்.

"ஐயா, நிமிஷம் ஆச்சு. எவ்வளவு?"

எழுபத்திரண்டு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கூடவே, ஒருநாள் நின்றுபோன லிஃப்ட்டின் கதவை நெம்பித் திறந்து வெளியே குதிக்கப் போன ஆளின் முகமும் வந்தது. வேண்டாம் சார், உட்காருங்க, மணி அடிச்சாச்சு, வந்துடுவாங்க என்று இவர் கத்திக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் குதித்து, அடியிலிருந்த குழிக்குள் விழுந்திருந்தார்.

லிஃப்ட்காரர் மெல்ல உட்கார்ந்தார்.

"எண்ண வரலம்மா. நின்னு நின்னு போகுது."

"எங்க இருக்கீங்க?"

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல."

"ஏறாதீங்க, இறங்காதீங்க. இதோ வர்றேன். ஆம்புலன்சுக்குச் சொல்றேன், உங்க பொண்ணுக்கும்..."

"சொல்லிடும்மா."

வீட்டுச் சாவி கையிலிருந்து நழுவி நாலைந்து படி உருண்டு கீழே போனது. அவர் அதை எடுக்கப் பார்க்கவில்லை. கீழே யாரோ ஓடி ஏறும் சத்தம் கேட்டது. ஒரு படி விடாமல் வந்தது அந்தக் காலடி. விரலுக்கடியில் நாடி அப்படி வரவில்லை.