குன்னத்துகாலில் ஒரு வெள்ளைப் பாறை

மாநில எல்லை பிரித்துக் கல் நடுகிற சமயம். நான் பீங்கான் கம்பெனிக்காகக் கல் பார்க்க வந்திருக்கிறேன். குன்னத்துகாலில் ஒரு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தின் ஓரம் வெள்ளைப் பாறை மண்ணுக்கு மேலே தெரிகிறது. பீங்கானில் சேர்க்கிற ஃபெல்ஸ்பார் மாதிரிதான் இருக்கிறது. நல்ல கல் என்றால் சூளையில் உருகி வெள்ளையாகவே நிற்கும். சுத்தியலால் ஒரு சில்லு உடைப்பதற்குள் தோட்டக்காரர் செல்லையன் ஓடிவந்து சுத்தியலைப் பிடுங்குகிறார். அவர் பின்னால் நாலைந்து பேர்.

"எல்லைக்கல்லு நடவா வந்தீரு? தமிழ்நாட்டோட சேரணும்னு நாங்க ஜெயிலுக்குப் போன மண்ணாக்கும் இது."

நான் சர்வேக்காரன் இல்லை, கோப்பை செய்யக் கல் தேடுகிறேன் என்கிறேன். யாரும் நம்பவில்லை.

"அப்பிடின்னா உருக்கிக் காட்டும்."

செல்லையனே பாறையில் ஒரு சில்லு உடைத்து எடுத்துக்கொள்ள, பக்கத்துக் கொல்லப் பட்டறைக்குப் போகிறோம். துருத்தி ஊத ஊத, சில்லு மஞ்சளாகப் பழுக்கும் வரை எல்லோரும் நின்று பார்க்கிறோம். ஆறிய பிறகு ஓரங்கள் கண்ணாடிபோல் பளபளக்கின்றன. ஆனால் உள்ளே இரும்பு இருந்திருக்கிறது, மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. கோப்பைக்கு ஆகாது.

"வெளுப்பா வந்திருந்தா?" என்று செல்லையன் கேட்கிறார்.

"தோட்டத்தை விலைக்குக் கேட்டிருப்போம்."

"நல்லதாப் போச்சு." அவர் முகம் தெளிகிறது. எனக்குத்தான் வந்த வேலை வீண்.

பனச்சமூட்டில் பஸ் பிடிக்க வேண்டும் என்கிறேன். அவர் சுத்தியலைத் திருப்பித் தரவில்லை. தன் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொள்கிறார்.

"இதக் கண்டா அங்கயும் பிடிச்சு நிறுத்துவானுவ. நடயும், நானும் கூட வாறேன்."