பின் டயரில் காற்று

காலை எட்டு இருபதுக்குக் காளவாசல் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளைக் காரின் கதவு திறந்தது. எல்லாம் கெட்டுப்போனது அதிலிருந்துதான். எட்டரைக்குள் அப்பா பள்ளி அலுவலகத்தைத் திறந்தாக வேண்டும். அதனால் சிக்னலை நெருங்கும்போதெல்லாம் என் முகத்துக்கு நேரே மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்ப்பார். அன்றும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அப்பா ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். நான் அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. கீழக்குயில்குடியிலிருந்து இருவரும் ஒரே சைக்கிளில் போவோம். முன்பாரில் துண்டைச் சுற்றி அதன்மேல் என்னை உட்கார வைப்பார். மலையடியைத் தாண்டும்வரை பாட்டுப் பாடுவார். தேனி ரோட்டில் ஏறியதும் பாட்டு நின்றுவிடும்.

வீட்டில் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. குழம்பில் உப்பில்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறவர். ரோட்டில் மட்டும் ஊரே அவரிடம் வம்புக்கு வருவதுபோல இருக்கும். உரசிக்கொண்டு முந்திப்போய் நேர் எதிரே நிறுத்தி ஆள் ஏற்றுகிற பஸ், தவறான பக்கத்தில் வந்துவிட்டு நம்மை முறைக்கிற மோட்டார் சைக்கிள்காரர், இப்படி. ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர் துப்பிய வெற்றிலை எச்சில் என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அப்பா அடுத்த நிறுத்தம்வரை அந்தப் பஸ்ஸைத் துரத்திப்போய், துப்பியவரை ஜன்னல் வழியாகவே அறைந்துவிட்டார். விஷயம் பள்ளிக்குப் போனது. இன்னொரு தடவை இப்படி என்றால் வேலை கிடையாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

அம்மா என்னை இழுத்து அப்பா முன்னால் நிறுத்தினாள்.

“இவ தலையில கை வைங்க. ரோட்ல எவன் மேலயும் கை வைக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“சத்தியமே பண்ணக் கூடாதுன்னு வேதத்துல போட்டிருக்குடி.”

“அடிக்கலாம்னு போட்டிருக்கா?”

அப்பா என் தலையில் கை வைத்துச் சொன்னார். தலையில் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது. எங்கள் தெருவில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இதை நம்பினார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் சைக்கிளுக்கு ஒரு கோளாறு வந்தது. பின் டயரில் காற்று நிற்கவில்லை. யாராவது குறுக்கே வந்து நாங்கள் தடுமாறி நின்றால் போதும், அப்பா இறங்கி, ஓரமாக ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிடுவார். “காத்து பாத்துக்கிறேம்மா.” கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு டயரை அழுத்துவார். வெகுநேரம் அழுத்துவார். குறுக்கே வந்தவர் கண்ணுக்கு மறைந்த பிறகு, “இருக்கு, போதும்” என்று எழுந்திருப்பார்.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அரசரடியில் நாங்கள் வழக்கமாகக் காற்றடிக்கும் சைக்கிள் கடையில் ஒருநாள் அப்பாவோடு நின்றபோது, கடைக்காரரிடம் நானே போய் முறையிட்டேன்.

“பின் டயரு தெனமும் எறங்குது மாமா.”

அவர் டியூபைக் கழற்றி, தண்ணீர்ச் சட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

“பாப்பா, இதுல ஒரு ஓட்டையும் கெடையாது. ஒங்கப்பா சும்மா சொல்றாரு” என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அந்தக் கடைக்காரருக்குத் தொழில் தெரியவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

காளவாசலில் அன்று அந்த வெள்ளைக் காரின் கதவில் ஹேண்டில்பார் மோதி இருவரும் ரோட்டில் விழுந்தோம். என் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. காரிலிருந்து இறங்கியவர் எங்களைத் தாண்டிக் குனிந்து கதவைத் தடவினார்.

“கோடு விழுந்துருச்சு பாரு. பாத்து வரத் தெரியாதா?”

“சார், நீங்கதான் பாக்காம தெறந்தீங்க. புள்ள விழுந்துருச்சு.”

“புள்ளைய எதுக்குய்யா பார்ல தூக்கி வச்சுக்கிட்டு வர்ற? பஸ்ல கூட்டிட்டுப் போக வக்கில்லையா?”

அப்பாவின் கை லேசாக மேலே வந்தது. அவர் என் தலையைப் பார்த்தார். பிறகு, “சாரி சார்” என்றார். அலுவலகத்தில் தாமதமாக வந்து நிற்கும் பையன்கள் அவரிடம் சொல்வார்களே, அதே குரலில்.

அவர் இப்போது டயரைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் நேரே ஏறப் போனார்.

“அப்பா, காத்து?”

“நேரமாச்சு. ஏறு.”

அரசரடியில், அந்தச் சைக்கிள் கடைக்கு எதிர்ச் சந்திலிருந்து ஒரு பூக்காரர் வந்தார். பூ மார்க்கெட்டிலிருந்து திரும்புகிறவர். கேரியரில் ஈரச்சாக்கு சுற்றிய கூடை. பார்க்காமல்தான் வந்தார். இரண்டு சைக்கிள்களின் முன் சக்கரமும் தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். யாரும் விழவில்லை.

“மன்னிச்சுக்கோங்கண்ணே, கவனிக்கல” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அப்பா அவரை அறைந்தார். மறுபடியும் அறைந்தார். சைக்கிள் சாய்ந்து, கூடை உருண்டு, மல்லிகை மொட்டு முழுவதும் ரோட்டில் கொட்டியது. பின்னால் வந்த பஸ் அதன்மேல் ஏறிப் போனது. பூக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பூவையே பார்த்தபடி நின்றார்.

“மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன்லண்ணே.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. காளவாசலிலிருந்து எங்கள் பின்னாலேயே வந்த ஒரு ஸ்கூட்டர்காரர் இறங்கி வந்தார். “கார்க்காரன்ட்ட சாரி சார்னு குனிஞ்ச. பூக்காரன்ட்ட மட்டும் கை நீளுதாக்கும்?” யாரோ அப்பாவின் சட்டையைப் பிடித்தார்கள். சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார். அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பூக்காரர் வெறும் கூடையோடு பின்னால் போனார். திரும்பும் இடத்தில் அப்பா நின்று என் தலையைப் பார்த்தார்.

கடைக்குள் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, தலைக்கு என்ன ஆகப்போகிறது என்று காத்திருந்தேன். வெடிக்குமா, வலிக்குமா, தூங்குவதுபோல் இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“என்ன பாப்பா, தலையவே புடிச்சுக்கிட்டு இருக்க? அடி பட்டுருச்சா?”

“இல்ல மாமா. இனிமேத்தான்.”

அவர் டீயும் பன்னும் வாங்கித் தந்தார். சாகப்போகிறவளுக்குப் பன் எதற்கு என்று தோன்றியது. தின்றுவிட்டேன். அவர் எங்கள் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை நேராக்கி, இரண்டு டயருக்கும் காற்றடித்து வைத்தார்.

அந்தப் பெட்டியில் நான் இன்னும் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் இந்த வாரம் முழுக்க இருக்கிறது. என் மகன் பத்தாம் வகுப்பு. அதே ரோட்டில் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். இப்போது அங்கே பாலம் இருக்கிறது. மனிதர்கள் அன்றைக்கு இருந்ததைவிட மோசம். போன வாரம் அவன் வந்தபோது வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. விழுந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். சாப்பிடும்போது ஸ்பூன் கேட்டு, இடது கையால் சாப்பிட்டான். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. சத்தியம் வாங்கலாம் என்றால், யார் தலையில் வாங்குவது? காலையில் அவன் கிளம்புமுன் அவனுடைய பின் டயரை நான் அழுத்திப் பார்க்கிறேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அன்று பள்ளி விட்டு என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கடையைத் தாண்டிப் போன பிறகு அப்பா வந்தார். தனியாக நடந்து வந்தார். சட்டைப்பை கிழிந்து தொங்கியது, பேனா இல்லை. மறுவாரமே பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அது அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். கையை எடுக்கவேயில்லை.

“ஒண்ணும் ஆகலப்பா. இம்புட்டு நேரமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றேன்.

அவர் சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரலை டயர்மேல் வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தார்.

“இப்பத்தான் காத்தடிச்சேன் சார்” என்றார் கடைக்காரர்.

“சுத்தமா காத்து இல்லம்மா” என்று அப்பா என்னிடம் சொன்னார். “நடந்தே போயிருவோம்.”

கடைக்காரர் தண்ணீர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு டயருக்கு ஒழுங்காகக் காற்றடிக்கத் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபம், அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, கீழக்குயில்குடி போய்ச் சேரும்வரை அடங்கவில்லை.