அண்ணன் கடையில் மதியச் சோறு

எங்கள் அண்ணன் காலமாகி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் நோட்டைக் கொடுத்து இரண்டு மாதமாகிறது. தங்கை அழுதுகொண்டே எழுதுவாள் என்று நினைத்திருப்பார். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் எரியோட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். கிணறு வற்றி அப்பா வெள்ளாமையை விட்டபோது, அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, திண்டுக்கல்லில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் பழனி சாலைப் பக்கம் ஒரு சந்தில் சொந்தமாகக் கடை போட்டார். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டார விவசாயிகள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அவரிடம் வருவார்கள். தண்ணீர் இல்லாமல் பயிர் வாடும் என்பதால், வேலை முடியும்வரை கடையிலேயே காத்துக் கிடப்பார்கள்.

காத்திருப்பவர்களை விட்டுவிட்டு அண்ணன் தனியே சாப்பிட்டதில்லை. மதியம் ஒரு மணிக்கு அண்ணி சோறும் குழம்பும் தொட்டுக்கொள்ள ஏதாவது ஒரு வெஞ்சனமும் தூக்குவாளியில் கொண்டுவருவார். பக்கத்துத் தையல் கடை சவரிமுத்து அண்ணனும் தன் டிபன் டப்பாவோடு வந்துவிடுவார். பழைய செய்தித்தாளை விரித்து எல்லோரும் தரையில் உட்காருவார்கள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று எந்த விவசாயி சொன்னாலும் எடுபடாது.

தொண்ணூறுகளின் நடுவில், நத்தத்திலிருந்து மாங்காய் ஏற்றிச் சென்ற லாரி கவிழ்ந்து, அதை ஓட்டிய என் கணவர் இறந்தார். மகளுக்கு அப்போது நான்கு வயது. காரியம் முடிந்ததும் அண்ணன் எங்களைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துவந்து, கடைக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார். நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். மகளுக்குச் சோறு ஊட்டுவேன், நான் சாப்பிடமாட்டேன். தட்டைப் பார்த்தால் அது வேறு யாருக்கோ போட்டது போலிருக்கும். பசி என்பதே தெரியவில்லை. அண்ணன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"மதியம் கடைக்கு வந்துரு. புள்ளையையும் கூட்டிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

போனேன். நாலு வாய் உண்டதும் எழுந்துவிடுவேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மழை, கரண்டு, மாட்டுக்கு வந்த சீக்கு என்று பேச்சு அவர்களுக்குள்ளேயே ஓடும். என் மகள் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து அப்பளம் வாங்கித் தின்பாள்.

ஒரு நாள் நான் போகவில்லை. காரணம் ஒன்றுமில்லை, எழுந்திருக்கத் தோன்றவில்லை. மகளை மட்டும் அண்ணியோடு அனுப்பிவிட்டுப் படுத்துக் கிடந்தேன். நான்கு மணிவாக்கில் யாரோ கதவைத் தட்டினார்கள். தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் நின்றார். தொப்பம்பட்டியிலிருந்து மோட்டாரோடு வந்திருந்தவர்.

"ஏனுங்க அம்மணி, காயில் கடைக்காரரு தங்கச்சி நீங்கதானுங்களா?"

தலையசைத்தேன்.

"நீங்க வந்தாத்தான் சோறுன்னு அங்க எல்லாரும் உக்காந்திருக்கோமுங்க. பாப்பாவுக்கு மட்டும் போட்டாச்சுங்க. எனக்கு அஞ்சு மணிக்கு பஸ்ஸுங்க. அவரு ஒண்ணும் அனுப்பலீங்க, நானாத்தான் வந்தேன்."

எழுந்து அவர் பின்னால் நடந்தேன். அண்ணன் தூக்குவாளியை மூடிவைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "வந்துட்டியா? உக்காரு" என்றார். சோறு ஆறிப்போயிருந்தது. சவரிமுத்து அண்ணன் பெரியவரைக் காட்டி, "மொதல்ல அவருக்குப் போடு தாயி, பஸ்ஸு போயிரும்" என்றார். கரண்டியை எடுத்து எல்லோருக்கும் பரிமாறினேன். எனக்கும் போட்டுக்கொண்டேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

"குழம்புல உப்புக் கம்மியா இருக்குண்ணே" என்றேன்.

கணவர் போன பிறகு நானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று அண்ணி பின்னாளில் சொன்னார். அண்ணன் உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து மோட்டாருக்குள் கம்பி உரசாமலிருக்கக் காகிதம் செருகப் பழகினேன். இரண்டு வருடத்தில் நானே காயில் கட்டினேன். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று உறவினர் சிலர் கேட்டபோது, "அவ கை வேலை என்னையவிடச் சுத்தம். ஒரு நா மதியம் சாப்பிட வாங்க, அப்படியே பாத்துட்டுப் போங்க" என்றார் அண்ணன். சிலர் வந்தார்கள். இந்த மலரைப் படிப்பவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

அண்ணனிடம் குறை இல்லாமல் இல்லை. கோபம் வந்தால் கையில் இருக்கும் ஸ்பேனரை எறிவார். இத்தனை பேருக்கு இத்தனை வருடம் சமைத்த அண்ணியிடம், நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இறப்பதற்கு முந்தைய கோடையில் விழுங்கச் சிரமப்பட்டார். மதுரையில் பார்த்து, உணவுக்குழாயில் புற்று என்றார்கள். வயிற்றில் குழாய் வைத்து, அதன் வழியே கஞ்சி ஊற்றும்படி ஆயிற்று. அவர் கண்ணெதிரே சாப்பிட மனமில்லாமல் நாங்கள் அடுப்படிக்குள் போய்ச் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்.

"எதுக்கு ஒளிஞ்சு திங்கிறீக? கட்டிலுக்கிட்ட வாங்க."

"மனசு கஷ்டப்படும்னுதாண்ணே."

"தனியாக் கெடக்குறதுதான் கஷ்டம். நீங்க சாப்பிடயில எனக்கும் ஊத்துங்க."

அன்றுமுதல் அப்படியே செய்தோம். அண்ணி குழாயில் கஞ்சி ஊற்ற, நாங்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்பார். அவரைக்காய் என்றால் தலையாட்டுவார். கடைசி நாளும் கேட்டார். பீர்க்கங்காய் என்றேன். நான் தட்டுகளைக் கழுவிவைத்துவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணியைக் கூப்பிட்டேன்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணைக்கு இருந்த சித்தப்பா பிள்ளைகளுக்கும், குழாயைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்த நர்ஸம்மாவுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து, நாங்கள் சாப்பிடும்வரை கூடவே உட்கார்ந்திருந்த சவரிமுத்து அண்ணன் வீட்டாருக்கும் நன்றி. அந்த நாட்களில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது நினைவிருக்கிறது.

படையல் முடிந்ததும் இலை போடுகிறோம். மலரை வாங்கிக்கொண்டு நின்றபடியே யாரும் கிளம்பிவிட வேண்டாம். வீட்டுப் பெண்கள் கடைசியில் சாப்பிடுவது நம் வழக்கம். இன்று அண்ணியும் நானும் முதல் பந்தியிலேயே உங்களோடு உட்காருகிறோம்.