கேத்லீன் சுருக்கிய படம்

கேத்லீனுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். கைப்பேசியில் ஒரு பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் போதும். மலாய் நாட்டு மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். பக்கத்துப் பிரிஞ்சாங் ஊர் விடுதிகளின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது அவள் பிழைப்பு. முதலாளிகள் அனுப்பும் கனத்த படங்களைத் திட்டிக்கொண்டே வெட்டுவாள், சுருக்குவாள், அழகு கெடாமல் இளைக்க வைப்பாள். அவள் கை பட்ட பக்கம் சொடக்குப் போடுவதற்குள் திறக்கும்.

தோட்டத்து அந்தோணியார் கோயில் பக்கத்தையும் அவள்தான் இந்த வருஷம் எடுத்துக்கொண்டாள். லைனில் சிக்னல் நூலாக வரும்; திருநாள் படங்களை யாரும் முழுதாகப் பார்த்ததே இல்லை. சப்பரம் தூக்கும் படத்தைக் கைப்பேசி அகலத்துக்கு ஓரம் வெட்டி, கனம் குறைத்து ஏற்றினாள். வெட்டிய ஓரத்தோடு அமல்தாஸும் போய்விட்டார். சப்பரத்தின் முன் தண்டுகளில் வலதைத் தூக்கும் உரிமையைத் தன் வீட்டுக்கு வாங்க, அடிதடி வரை போய் ஜெயித்தவர் அவர். எந்த லைன்காரியும் அந்தப் படத்தில் முதலில் தண்டைத்தான் பார்ப்பாள். இவள் கனத்தைப் பார்த்தாள். முன்னால் இடது தண்டைப் பிடித்திருந்த அவள் புருஷன் மார்க் மட்டும் மிச்சம்.

படம் எல்லார் கைப்பேசியிலும் பளிச்சென்று திறந்தது. மார்க் பெண்டாட்டி அமல்தாஸை நறுக்கிவிட்டாள் என்று லைன் முழுக்கப் பேச்சு. அக்காள் பிலோமி போன் போட்டுச் சொன்னதும் கேத்லீன் பதறி, முழுப் படத்தைப் பழைய கோப்புப் பெயரிலேயே ஏற்றினாள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

அமல்தாஸ் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு அவள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவை உதைத்தார், டிவியை வெட்டினார். கேத்லீன் தன் கைப்பேசியில் முழுப் படத்தைத் திறந்து நீட்டினாள்.

“மாமா, பாருங்கலா. நீங்கதான் முன்னால நிக்கிறீங்க.”

அவர் தன் கைப்பேசியைத் திறந்தார். அதில் மார்க் மட்டுமே நின்றான். ஒருமுறை பார்த்த படத்தைக் கைப்பேசி தன்னிடமே வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே காட்டட்டும், வேகமாக இருக்கும் என்று அமைத்தவள் அவளே. பெயர் மாறாததால் அவருடைய கைப்பேசி பழையதையே காட்டியது. இதையெல்லாம் ஓங்கிய கத்திக்கு முன்னால் யார் விளக்குவது?

“எனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு காட்டுறியா?”

கத்தி அவளை நோக்கி இறங்கியது. மார்க் குறுக்கே கை நீட்டினான். இரண்டு விரல்கள் சிமெண்ட் தரையில் விழுந்தன. கேத்லீன் முக்காலியை எடுத்து அமல்தாஸ் முகத்தில் அடித்தாள். பல் தெறித்தது. விழுந்த பிறகும் அடித்தாள். பக்கத்து வீட்டார் இழுத்துப் பிடித்தபோதும் அவளுக்கு வெறி அடங்கவில்லை.

போலீஸ் நிலையத்தில் மலாய்க்கார சார்ஜண்ட், சண்டைக்குக் காரணமான படம் எது என்று கேட்டுத் தன் கைப்பேசியிலேயே திறந்தார். அந்தப் பக்கத்தை அதுவரை பார்த்திராத கைப்பேசி, புதுப் படத்தைக் காட்டியது. அவர் அதை அமல்தாஸ் பக்கம் திருப்பினார்.

அதில் அமல்தாஸ் வலது தண்டைத் தோளில் தாங்கி, தலை நிமிர்ந்து நின்றார்.

“எப்ப போட்ட?” என்றார், வீங்கிய வாயோடு.

“நீங்க கத்தி எடுக்கறதுக்கு முன்னாலயே.”

அவளுக்கு இரக்கம் துளியும் வரவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. படத்தில், இடது தண்டைப் பிடித்திருந்த மார்க்கின் கையில் ஐந்து விரல்களும் தெளிவாகத் தெரிந்தன.