ஊசி போடும் முன் இன்னொரு தடவை கேட்டார்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ரோடுகளில் எல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த புரட்டாசி மாதம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்தில் எங்கள் ஊர். விழுந்து கிடந்த மரங்களில் ஒரு புளியமரம் என் கைங்கரியம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் படிப்புக்காக மரம் வெட்டினான் என்று என் பெண்டாட்டி இன்றைக்கும் சிரிப்பாள். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள்.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கலப்பினப் பசு. மூன்று தடவை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. "இந்த மாசமும் இல்லன்னா சந்தைக்கு ஓட்டிடு" என்று பெண்டாட்டி கெடு வைத்துவிட்டாள். சந்தைக்குப் போகிற வறட்டு மாடு கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவர ஒரு புது ஊசி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கால்நடை டாக்டரிடம் கெஞ்சியிருந்தேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ரோடு அடைபட்டது. இனி எங்கே வரப்போகிறார் என்று நான் படுத்துக் கிடந்தால், மத்தியான வெயிலில் மனிதர் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறார். வண்டியை முதல் மரத்தடியிலேயே விட்டுவிட்டு, மரம் மரமாக ஏறி இறங்கி வந்திருக்கிறார். பேன்ட் முட்டியில் கிழிந்திருந்தது. என் புளியமரமாகத்தான் இருக்கும்.

"காளைகிட்ட எங்கனா வுட்டியா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்லீங்க சார்."

பொய். ஐந்து வாரம் முன்னால் மலைக்கு ஓட்டிப்போய் ஒரு காளையிடம் விட்டிருந்தேன். நாட்டுக் காளையிடம் விடாதே என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதுவும் அந்தக் காளை என்னைப் போலவே நோஞ்சான். இதனால் என்ன ஆகப்போகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். காளையிடம் விட்ட மாடு அப்புறம் பருவத்துக்கு வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று மாட்டுக்கே தெரியும். எனக்குத் தெரியவில்லை.

கையை விட்டுப் பார்த்தார். மருந்தை ஊசியில் ஏற்றினார். மாட்டின் பக்கம் போனவர் நின்று திரும்பினார்.

"ஒரு மாசத்துச் சினைன்னா என் கைக்கே சரியா தெரியாது. அதான் இன்னொரு தடவ கேக்கறேன். கரு தங்கலன்னா கர்ப்பப்பையே ஒரு சரக்கச் சுரக்கும். அப்பதான் மாடு மறுபடி பருவத்துக்கு வரும். கரு தங்குச்சின்னா, நான் இருக்கேன், சுரக்காதன்னு அது உள்ளேர்ந்து சொல்லிக்கினே இருக்கும். இந்த ஊசியில இருக்கிறதும் அதே சரக்குதான். கரு இருந்தா கலைஞ்சிடும்."

"அந்தச் சரக்கு எதுலேர்ந்து சார் வருது?" என்று பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"உடம்புல இருக்கிற கொழுப்புலேர்ந்து."

"அப்ப இவருக்கு ஜாஸ்தியா சுரக்கும் சார்" என்றாள் என் பெண்டாட்டி.

அவர் சிரிக்கவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்தார். கோடரி பிடித்த கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

"மரத்த யாரு வெட்டுனதுன்னு நான் கேக்கலப்பா. மாட்ட எங்க வுட்டன்னுதான் கேக்கறேன்."

ஊசி மாட்டுக்குத்தான். வியர்த்தது எனக்கு. உள்ளே ஒன்று நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் இல்லை என்று சாதிக்கிறேனே என்று இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. மருந்தை மண்ணில் பீய்ச்சிவிட்டு, "புண்ணாக்கு அளவா வையி, அடுத்த மாசம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டி கொடுத்த மோரைக் குடித்தார். பையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, வந்த மரங்களை எல்லாம் மறுபடி ஏறி இறங்கப் போனார். பாதி வழி வரை பையை நான் வாங்கிச் சுமந்தேன். புளியமரம் வந்ததும் கையைக் கொடுத்து ஏற்றிவிட்டேன்.

வைகாசியில் பசு கிடேரிக் கன்று போட்டது. அப்பனைப் போலவே நோஞ்சான். சீம்பால் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவரை வேறு ஊருக்கு மாற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

இன்றைக்கு எங்கள் தொழுவத்தில் நிற்பதெல்லாம் அந்தக் கிடேரி வழி வந்ததுதான். இப்போதும் எனக்கு வாயில் பொய்தான் முதலில் வருகிறது. ஆனால் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக இன்னொரு தடவை கேட்ட அந்த முகம் ஞாபகம் வரும், இரண்டாவதாக உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.