ஒரே படத்தில் நான்கு முறை செத்தவர்

தீர்த்தகிரி ஐயா ஒரே படத்தில் நான்கு முறை செத்திருக்கிறார். மீசையோடு ஒருமுறை, மீசை இல்லாமல் ஒருமுறை, தாடி ஒட்டி ஒருமுறை, கடைசியாகச் சொந்த முகத்தோடு. சாவதற்கு அவ்வளவு ஆள் பஞ்சம். சூளகிரிப் பாறைகளுக்கு நடுவே, ஜட்கா வண்டிக் குதிரைகளை வைத்து எடுத்த கௌபாய் படம் அது.

கதை இதுதான். சவப்பெட்டி செய்கிற ஆசாரிக்கு வியாபாரம் படுத்துவிடும். ஒருவன் பெயரில் இன்னொருவனுக்குச் சவால் கடிதம் எழுதிப் போட்டு, ஊரையே சுட்டுக்கொள்ள வைப்பான். நல்லா இருக்கிறவனையும் கயிறு போட்டு அளந்து வைப்பான். கடைசியில் பெட்டி வாங்க ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். கிருஷ்ணகிரியில் நான்கே நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்களாம். ஜனங்களுக்கு ரசனை பத்தவில்லை, வேறென்ன.

நான் கருப்பசாமி, சாத்தூர்க்காரன். ஓசூரில் கம்பெனி வேலை. ஐயா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழே அவர் ஒண்டியாள். மனைவி பூவம்மாள் போய் மூன்று வருடம் ஆகிறது. முப்பத்திரண்டு வருடம் தகடு அடிக்கிற பவர் பிரஸ்ஸில் நின்றதில் ஐயாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. பிரஸ் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் காலம் தள்ளுகிறார். என் சாத்தூர்த் தமிழ் பிடிபட மட்டும் ஒரு மாதம் ஆனது.

எதிரே நின்று பேசினால் ஒரு சொல் தவறாது. எதிரே நிற்கத்தான் ஆளில்லை. பெங்களூரிலிருந்து மகள் ரேவதி போன் செய்தால் என் கையில் கொடுத்துவிடுவார். அப்பா சாப்பிட்டாரா என்று பெற்ற மகள் கேட்பதை மாடியில் குடியிருக்கிறவன் கேட்டுச் சொல்ல வேண்டும். என்ன பிழைப்பு இது என்று எனக்கே ஆத்திரமாக வரும். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிறவர்களின் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரோ யாரிடமோ பேசுவதுதான் அவருக்குப் பேச்சுத்துணை.

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான்காவது சாவில், செத்தவனின் மனைவி வந்து அழ வேண்டும். கல்யாணமாகி ஆறு மாதம் அப்போது. பூவம்மாள் அம்மா இவருக்குச் சோறு கொண்டுவந்திருந்தார். அவரையே உட்காரச் சொன்னார் டைரக்டர். புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எந்தப் பொம்பளை சம்மதிப்பாள்? இவர்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னால் போதும், அப்புறம் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். புழுதி கிளப்பப் பெரிய காற்றாடி இரைந்ததில் அந்த அம்மா சொன்னது யார் காதிலும் விழவில்லை. இவர் கண்ணை மூடிக் கிடந்தார். எழுந்து பார்த்தால் யூனிட்டே அந்த அம்மாவைச் சுற்றி நின்றது. கிளிசரின் போடாமலேயே அப்படி ஒரு அழுகையாம்.

என்ன சொன்னாய் என்று இவர் கேட்டார். அந்த அம்மா சொல்லவில்லை. படம் பார்க்கவும் போக விடவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் கேட்டும், “அட போய்யா” என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாராம். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

“அவ அன்னிக்கு என்னா சொன்னான்னு தெரிஞ்சா போதும் தம்பி” என்பார் என்னிடம். “வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.”

போன மாதம் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் படத்தை யூடியூபில் ஏற்றியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், போனை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். முதல் மூன்று சாவுக்கும் ஐயா விழுந்து விழுந்து சிரித்தார்.

“பாரு, அவன் சுடறதுக்கு முன்னாடியே உழுந்துட்டேன்.”

நான்காவது வந்தது. இருபது வயதுப் பூவம்மாள் முந்தானை பறக்க வந்து உட்கார்ந்தார். முகம் திரை முழுக்க நிறைந்தது. ‘என் ராசா, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே’ என்று எனக்குக் கேட்டது எவளோ ஒருத்தி கொடுத்த குரல். உதட்டுக்கும் அதற்கும் ஒட்டவே இல்லை. அந்தக் குரல் ஐயாவுக்குக் கேட்காது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திருப்பிப் போடச் சொன்னார். ஐந்து தடவை போட்டேன். பிறகு கையைக் காட்டி நிறுத்தினார். சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டேனோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

“என்ன சொல்லுதாக ஐயா?”

“எங்கிட்ட சொல்லல. சாமிகிட்ட சொல்லிக்கினு இருக்கா.” திரையில் நின்ற முகத்தைக் காட்டினார். “இந்தக் கோலம் எனக்கு வேணாம் சாமி, என்னை முன்னாடி கூட்டிக்கோ, இவரு இருக்கட்டும்னு சொல்றா.”

கட்டிய பெண்கள் எல்லோரும் கேட்கிற வரம்தான். பாதிப் பேருக்குக் கிடைப்பதில்லை. அதையே ஆறுதலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“பூவும் பொட்டுமாப் போனாக ஐயா. கொடுத்து வச்சவுக.”

அவர் என் உதட்டையே பார்த்தார்.

“அவ கொடுத்து வச்சவதான். கேட்டு வாங்கிக்கினு போயிட்டா” என்றார். “இவரு தனியா இருந்து என்னா பண்ணுவாருன்னு ஒரு வார்த்த கேக்கல பாரு.”